இடது கையால் சாப்பிட்ட பையன்

சர்போமா நடந்து யாரும் பார்த்ததில்லை. எங்கே போனாலும் ஓட்டம்தான். கொனோங்கோ என்ற ஊரில் பாலர் வகுப்பு டீச்சராக இருந்த காலம் முழுக்க ஓடினாள். ஓய்வு பெற்ற பிறகும் ஓடினாள். பருத்த உடம்பு. இடுப்புத் துணியை இறுக்கி முடிந்துகொண்டு, செருப்பு படபடக்க ஆஸ்பத்திரி வாசலில் நுழையும்போதே சத்தம் போட ஆரம்பித்துவிடுவாள். எக்ஸ்ரே அறை கடைசியில் இருந்தது. அங்கே வரை கேட்கும்.

"பிராகோ! ஏய் பிராகோ! வந்துருச்சுடி!"

பிராகோ அவளுடைய ஒரே மகள். எக்ஸ்ரே எடுக்கப் படித்தவள், அதே ஆஸ்பத்திரியில் வேலை. உள்ளே இருந்தபடியே பதில் சொன்னாள்.

"அம்மா, கதவு மேல சிவப்பு லைட் எரியுது."

"எரியட்டும். புக்கு வந்துருச்சு!"

"லைட் எரிஞ்சா கதவத் திறக்க முடியாது."

"அப்போ அணை!"

விளக்கு அணைந்து கதவு திறக்கும்வரை சர்போமா அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். குமாசியிலிருந்து காலை வேனில் வந்த பெட்டி. வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தாள். பிரித்துப் பார்க்கவில்லை. மகள் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று பிடிவாதம்.

சர்போமா படப்புத்தகம் வரைய ஆரம்பித்தது பள்ளிக்கூடத்தின் முதல் நாள் அழுகையை நிறுத்தத்தான். வருடா வருடம் புதுப் பிள்ளைகள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறும். ஒரு விடுமுறையில், பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், ஒரு சின்னப் பெண்ணை வரைந்தாள். கேட். கேட்டில் திரும்பிப் போகும் அம்மா. கஞ்சிக் கோப்பை. கக்கூஸ் குழி, அதற்குள் யாரும் விழுந்துவிடாதபடி பலகை. பாயில் தூக்கம். கடைசிப் பக்கத்தில் மறுபடி கேட், மறுபடி அம்மா. தாள்களை ஊசி நூலால் தைத்து, பள்ளி திறக்கும் முன்னே வீடு வீடாக ஓடிக் காட்டினாள். தங்கச் சுரங்க வேலைக்கு வடக்கேயிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஊர்ப் பேச்சு புரியாது. அதனால் ஓர் எழுத்துகூடப் போடவில்லை. பிள்ளைகள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய், அம்மா வந்துவிட்டாளா என்று பார்த்துக்கொண்டு, பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அதற்கப்புறம் அவள் நிறுத்தவில்லை. பல் பிடுங்கும் புத்தகம். முடிவெட்டும் மிஷின் காதோரம் உறுமும் புத்தகம். கரண்ட் போன ராத்திரிப் புத்தகம். வீட்டில் புதுப் பாப்பா வந்து அம்மாவின் முதுகில் ஏறிக்கொள்ளும் புத்தகம். இந்தப் பாப்பா புத்தகத்தை மட்டும் பிள்ளைகள் பல்லால் கடித்து வைத்திருந்தார்கள்.

இப்போது வந்திருந்தது கை ஆபரேஷன் புத்தகம். ஆஸ்பத்திரிதான் வரையச் சொன்னது. அவளுடைய புத்தகங்களில் முதன்முதலாக அச்சுக்குப் போனது இதுதான். அக்ராவிலிருந்து டாக்டர் லாம்ப்டி வருடத்துக்கு ஒரு தடவை தன் ஆட்களோடு வந்து, தீப்பட்டுச் சுருங்கிய கைகளையும் வளைந்த கைகளையும் சரிசெய்துவிட்டுப் போவார். இந்த வருடம் வியாழக்கிழமை. அவருடைய பட்டியலில் அடோமாவின் பெயர் இருந்தது.

அடோமாவுக்கு ஐந்து வயது. தவழும்போது பனங்காய்க் குழம்புச் சட்டி கவிழ்ந்து வலது கை வெந்துபோனது. புண் ஆறியபோது விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி ஒட்டிக்கொண்டன. போன வருடம் ஆபரேஷனுக்குக் கூட்டிவந்தார்கள். நர்ஸைக் கடித்தாள், மாஸ்க்கை உதைத்தாள், கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். அவளுடைய முறை வேறொரு பிள்ளைக்குப் போனது.

"இன்னொரு வருஷம் தாங்காதும்மா," என்று பிராகோ எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருந்தாள். "எலும்பு வளைஞ்சே வளருது. இந்தத் தடவை இல்லன்னா அந்தக் கை அவ்வளவுதான்."

அதனால்தான் சர்போமா போன வாரமே கையால் வரைந்த மூலப்பிரதியை எடுத்துக்கொண்டு அடோமாவின் வீட்டுக்கு ஓடினாள். புத்தகத்தில் ஒரு பையன். அவனுடைய இடது கை மடங்கியிருக்கிறது. டாக்டர் கை குலுக்குகிறார், எக்ஸ்ரே எடுக்கிறார்கள், ஊசி, மாஸ்க், தூக்கம், விழித்தால் இடது கையில் வெள்ளை மாவுக்கட்டு. பிறகு வீட்டில் கிழங்கை இடித்துப் பிசைந்த ஃபுஃபு சாப்பிடுகிறான், பள்ளிக்கூடம் போகிறான். அடோமா எல்லாவற்றையும் ஆசையாகப் பார்த்தாள். மாவுக்கட்டுப் பக்கம் வந்ததும் முழங்கையால் புத்தகத்தை மூடிவிட்டாள். அதன் பிறகு திறக்கவே விடவில்லை.

"ஊசிதான் காரணம்," என்று முடிவுகட்டி, சர்போமா ஊசியைச் சின்னதாக வரைந்து குமாசிக்கு அனுப்பினாள்.

ஒன்றை மட்டும் அவள் மகளிடம் மெச்சிச் சொன்னாள். "எவ்வளவு ஒழுக்கமான பிள்ளை தெரியுமா? வலது கை அப்படி இருந்தும், எது குடுத்தாலும் இடது கைய நீட்டறதில்ல. மணிக்கட்டாலயும் தாடையாலயும் கவ்வி வாங்குறா."

பெட்டியைப் பிரித்தார்கள். வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. வார்டு நர்ஸ் ஆப்ராஃபி வந்தாள், துடைப்பக்காரர் வந்தார், மாவுக்கட்டோடு இரண்டு பேர் நொண்டிக்கொண்டே வந்தார்கள். பளபள அட்டை. புது மை வாசனை. சர்போமா ஒன்றை எடுத்து, பழக்கதோஷத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல எல்லார் பக்கமும் திருப்பிப் பிடித்தாள்.

"எப்படி? எப்படி இருக்கு? சொல்லுங்க!"

"கலர் ஜோரா இருக்கு மேடம்," என்றார் துடைப்பக்காரர்.

பிராகோ புத்தகத்தைக் கையில் வாங்கினாள். படங்களில் இடம் வலம் பார்ப்பதே அவளுடைய நாள் முழுக்க வேலை. ஒரு பக்கம் திருப்பினாள். இன்னொரு பக்கம்.

"அம்மா. இது திரும்பியிருக்கு."

"என்ன திரும்பியிருக்கு?"

"எல்லாமே. கண்ணாடியில பாக்கற மாதிரி. கட்டு வலது கையில இருக்கு பாரு."

ஆப்ராஃபி புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுடைய கண் கட்டுக்குப் போகவில்லை. நேரே டாக்டரின் கைக்குப் போனது.

"ஐயையோ மேடம்! டாக்டர் இடது கையால கை குடுக்குறாரு! படத்துல நான் இடது கையால மாத்திரை குடுக்குறேன்! இந்தப் பையன் இடது கையால ஃபுஃபு திங்கிறான்! குழம்புல முக்கி!" சிரிப்பும் பதற்றமும் சேர்ந்து வந்தன அவளுக்கு. "மொத்த ஆஸ்பத்திரியும் மரியாதை கெட்டுப்போச்சே மேடம். இத எந்தத் தாய்கிட்ட காட்டுவேன்? என் பிள்ளைக்கு இடது கை பழக்குறியான்னு செருப்பத் தூக்குவா!"

சர்போமா பார்த்தாள். முப்பது வருடத்துக்கு மேல் எத்தனை எத்தனை பிள்ளைகளின் இடது கையை அளவுகோலால் தட்டியவள். கஞ்சிக் கோப்பைக்கு இடது கை நீண்டால் கோப்பையைத் தர மாட்டாள். அவள் பெயரில் அச்சான முதல் புத்தகத்தில் வலது கையால் காரியம் செய்பவர் ஒருவர்கூட இல்லை.

போனை எடுத்தாள். குமாசியில் அச்சுக்கடை வைத்திருக்கும் டுவுமாசி, கொனோங்கோவில் அவளிடம் கஞ்சி குடித்து வளர்ந்தவன்தான்.

"டுவுமாசி! என்னடா பண்ணி வச்சிருக்க?"

"மேடம்! கலர் பாத்தீங்களா? தீயா வந்திருக்குல்ல?"

"கலர விடு. பையன் எந்தக் கையால சாப்பிடறான்?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.

"ஐயோ."

"என்ன ஐயோ?"

"பெரிய சாவு மேடம், சனிக்கிழமை அடக்கம். சொந்தக்காரங்க போட்டுக்க, செத்தவர் முகம் வச்சு நூத்துக்கணக்குல டி-ஷர்ட் ஆர்டர். டி-ஷர்ட்டுக்குத் திருப்பித்தான் அடிக்கணும், துணியில அழுத்தும்போதுதான் முகம் நேராகும். முடிச்சிட்டு மிஷினப் பழையபடி மாத்த மறந்துட்டேன். ஒரே ஒரு எழுத்து இருந்திருந்தாக்கூட உடனே கண்ணுல பட்டிருக்கும் மேடம். நீங்க எழுத்தே போடலியே."

"அப்போ என் தப்புங்கற?"

"இல்ல மேடம். பாதி."

"உன் இடது கைய நான் தட்டினது பத்தல. வியாழக்கிழமைக்குள்ள வேற அடி!"

"இந்த வாரம் ரெண்டு சாவு மேடம். அடுத்த வாரம் கண்டிப்பா."

மூலப்பிரதியும் அவனுடைய கடையில்தான் கிடந்தது. (பல வருடம் கழித்து, சர்போமாவின் முகத்தையும் டி-ஷர்ட்டில் அச்சடித்தது டுவுமாசிதான். கறுப்புத் துணி, சிவப்பு ஓரம். அது நேராக வந்தது.)

"பெட்டிய உள்ள தூக்கி வை," என்றாள் சர்போமா மகளிடம். "யார் கண்ணுலயும் படக் கூடாது. எரிச்சிடலாம்."

"எக்ஸ்ரே ரூம்ல எதையும் எரிக்க முடியாது."

"வெளியில எரிக்கலாம்டி!"

இந்தப் பேச்சு நடக்கும்போதே அடோமாவைக் கூட்டிக்கொண்டு அவளுடைய தாய் கொனாடு வந்துவிட்டாள். ஆபரேஷனுக்கு முன் கடைசிப் படம் எடுக்க வேண்டும். கொனாடு சாலையோரம் கிழங்கு பொரித்து விற்பவள். கையில் எண்ணெய் மணந்தது. அடோமாவின் இடது கை எப்போதும்போல முதுகுக்குப் பின்னால். பெஞ்சில் பெட்டி திறந்துதான் இருந்தது. யாரும் பார்க்காதபோது அவள் ஒரு புத்தகத்தை மணிக்கட்டாலும் தாடையாலும் கவ்வி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

முதலில் கேட்டது சிரிப்பு.

"அம்மா! டாக்டர் இடது கையால கை குடுக்குறாரு!"

சர்போமா திரும்பினாள். பாய்ந்து பிடுங்கப் போனாள். பிராகோ அவளுடைய துணியைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு."

"இந்த சிஸ்டரும்! இடது கை! இவங்க அம்மாவும்! எல்லாரும் அடி வாங்கப் போறாங்க!" அடோமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஊசிப் பக்கத்தில்கூட யார் எந்தக் கையில் ஊசி வைத்திருக்கிறார்கள் என்றுதான் பார்த்தாள். மாஸ்க், தூக்கம், எல்லாம் புரண்டன. மாவுக்கட்டுப் பக்கம் வந்தது.

சிரிப்பு நின்றது. இங்கேதான் போன தடவை புத்தகம் மூடியது.

மூடவில்லை.

"அம்மா. இவனுக்கும் இந்தக் கைதான்."

ஃபுஃபு பக்கம். பையன் இடது கையால் உருண்டை பிடிக்கிறான். வலது கை வெள்ளைக் கட்டில். பக்கத்தில் அவனுடைய தாய் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அடோமா அந்தப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. மூக்கு தாளில் உரசும்வரை குனிந்து பார்த்தாள்.

"இவன அடிக்கலயா?"

"எதுக்குடி அடிக்கணும்?" என்றாள் கொனாடு.

"இடது கையால சாப்பிடறான்ல."

கொனாடு சர்போமாவின் பக்கம் திரும்பினாள். தாழ்ந்த குரலில் சொன்னாள்: "வீட்டுல எல்லாரும் தட்டுவோம் மேடம். அவ அப்பா, நான், என் அண்ணன். வலது கை இப்படி ஆனதால இடது கையே பழகிருமோன்னு பயம். நாளைக்கு யாரும் மதிக்க மாட்டாங்கல்ல."

"அடோமா," சர்போமா மெதுவாகக் கேட்டாள். "கட்டு போட வேணாம்னு போன வருஷம் கடிச்சியே. வலிக்கும்னா?"

"இல்ல."

"பின்ன?"

"கட்டு போட்டா எனக்குக் கையே இல்ல," என்றாள் அடோமா. இது தெரியாதா என்பதுபோல.

பயம் ஊசிக்கில்லை, மாஸ்க்குக்கும் இல்லை. வலது கை கட்டுக்குள் போகும். இடது கை நீட்டினால் அடி. அப்புறம் எதால் சாப்பிடுவாள், எதால் வாங்குவாள்? ஐந்து வயதுப் பிள்ளை ஒரு வருடமாக இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டு வைத்திருந்தது.

சர்போமாவுக்குத் தன் மூலப்பிரதி ஞாபகம் வந்தது. வரையும்போது முதலில் பென்சில் போனது பையனின் வலது கைக்குத்தான். அப்புறம் அவன் எப்படிச் சாப்பிடுவான் என்று தோன்றியது. இடது கையால் சாப்பிடும் பிள்ளையை வரைய அவளுக்கு மனசு வரவில்லை. அழித்துவிட்டுக் கட்டை இடது கையில் போட்டாள். பயம் எங்கே இருந்ததோ அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். மிஷின் சுற்றிப் போகவில்லை.

அடோமா கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூடம். பருத்த டீச்சர், இடுப்பில் துணி முடிச்சு, பையனுக்குக் கஞ்சிக் கோப்பை நீட்டுகிறாள்.

"இது நீங்கதானே?"

"ஆமா."

"நீங்களும் இடது கையாலயா குடுக்குறீங்க?"

வராந்தாவில் எல்லாரும் சர்போமாவைப் பார்த்தார்கள். பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். இடது கையில் அவளிடம் அடி வாங்கியது பலருக்கும் ஞாபகமிருந்தது.

அவள் பையிலிருந்து ஒரு வேர்க்கடலை மிட்டாய் எடுத்தாள். வலது கைதான் எடுத்தது. அதை இடது கைக்கு மாற்றினாள். அந்தக் கையை நீட்டுவது ஈரச் சாக்கு மூட்டையைத் தூக்குவதுபோல இருந்தது.

"மேடம்!" என்றாள் ஆப்ராஃபி.

"சும்மா இருங்க சிஸ்டர்." சர்போமா அடோமாவுக்கு எதிரே குனிந்தாள். பெரியவர்களிடம் வேறு வழியில்லாமல் இடது கை நீட்டும்போது சொல்வதை, அந்தப் பிள்ளையிடம் சொன்னாள்.

"மன்னிக்கணும், இடது கை."

முதுகுக்குப் பின்னாலிருந்து அடோமாவின் இடது கை வந்தது. பாதி வழியில் நின்றது; அவள் தாயைப் பார்த்தாள். கொனாடு அசையவில்லை. கை மிட்டாயை எடுத்துக்கொண்டது.

"பரவாயில்ல," என்றாள் அடோமா, ஊர்ப் பெரிய மனுஷி மாதிரி.

அதற்கப்புறம் சர்போமாவை யார் பிடிக்க முடியும்? வார்டு முழுக்க ஓடினாள். எரிக்க வேண்டிய பெட்டியை அவளே கட்டில் கட்டிலாகக் கொடுத்தாள். அடோமாவிடம் எது கொடுத்தாலும் இடது கையால் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டாள். ஆப்ராஃபி இடது கையால் காய்ச்சல் பார்த்தாள், "என் அம்மா மட்டும் பாத்தா எனக்குச் சோறு கிடையாது" என்று முனகிக்கொண்டே. துடைப்பக்காரர் இடது கையால் சல்யூட் அடித்தார். அடோமா ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தி, "மன்னிக்கணும் சொல்லல!" என்று அதட்டினாள். படமெடுக்கும்போது பிராகோ இடம் வலம் குறிக்கும் ஈயத் துண்டை எக்ஸ்ரே தட்டில் வைத்தாள். அடோமா அதையும் கேட்டு, இடது கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டில்தான் என்ன ஆகுமோ என்று சர்போமாவுக்கு இருந்தது. வியாழன் காலை கொனாடு வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"அவ அப்பா குதிச்சாரு மேடம். எவ சொன்னான்னாரு. புக்க கையில குடுத்தேன். ஃபுஃபு பக்கம் வரைக்கும் பாத்தாரு. கட்ட அவுத்தப்புறம் எப்படின்னாரு. அஞ்சு விரலும் விரியும், நம்ம பொண்ணு வலது கையாலயே சாப்பிடும்னேன். தட்டு முன்னால உக்காந்தாரு. அவரும் இடது கையால சாப்பிட்டாரு மேடம்! குழம்பு பூரா சட்டையில! இவ சிரிச்சு சிரிச்சு விக்கல் வந்துருச்சு."

ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே டாக்டர் லாம்ப்டி நின்றார். அவருக்கு எதுவும் தெரியாது. போன வருடம் கடி வாங்கிய நர்ஸ் ஓர் அடி பின்னால் தள்ளியே நின்றாள். அடோமா தொளதொள பச்சை கவுனில் வந்தாள். யாரும் பிடித்து இழுக்கவில்லை. நேரே டாக்டரிடம் போய் இடது கையை நீட்டினாள்.

டாக்டரின் முகம் ஒரு கணம் சுருங்கியது. அக்ராவிலும் அது மரியாதை இல்லைதான்.

"மன்னிக்கணும், இடது கை," என்றாள் அடோமா. "வலது கைதான் நீங்க வச்சிருக்கப் போறீங்களே."

டாக்டர் ஃபைலை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இடது கையைக் கொடுத்தார். "என்னையும் மன்னிக்கணும்."

"பரவாயில்ல. இப்ப மாஸ்க். அப்புறம் தூக்கம். அப்புறம் கட்டு. அப்புறம் ஃபுஃபு." விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டே அவரோடு உள்ளே போனாள். கதவு மூடியது.

சர்போமா பெஞ்சில் உட்கார்ந்தாள். வராந்தாவில் அவள் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே போன் பண்ணினாள்.

"டுவுமாசி."

"தாள் வாங்கிட்டேன் மேடம்! சாமி சத்தியமா நேரா அடிச்சுத் தரேன்!"

"நேராவும் அடி. திருப்பியும் அடி."

"ரெண்டுமா? எதுக்கு மேடம்?"

"எந்தப் பிள்ளைக்கு எந்தக் கைன்னு எனக்கென்னடா தெரியும்?"

மறுநாள் மதியம், அடோமாவின் வலது கை தோள் உயரத்துக்குக் கட்டித் தொங்கியது. வெள்ளைக் கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் தெரிந்தன. பிரிந்த விரல் நுனிகள். கொனாடு வீட்டிலிருந்து ஃபுஃபு கொண்டுவந்து தட்டில் வைத்தாள். வார்டு முழுக்க வேறெங்கோ பார்ப்பதுபோல நடித்தது. அடோமா சுற்றிலும் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். ஆப்ராஃபியைப் பார்த்தாள். கதவோரம் நின்ற சர்போமாவைப் பார்த்தாள். இடது கையால் ஒரு துண்டு கிள்ளி, குழம்பில் தோய்த்து, பாதியைக் கவுனில் சிந்தி, மீதியை விழுங்கினாள். அடுத்த துண்டுக்கு யாரையும் பார்க்கவில்லை.

செருப்பு படபடத்தது. "பிராகோ! ஏய் பிராகோ! சாப்பிட்டாடி!" என்ற சத்தம் வராந்தா முழுக்க ஓடிவந்தது.

எக்ஸ்ரே அறையில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. பிராகோ முன்னமே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.